ஆலிவ் என்று எண்ணியவை

ஆலிவ் மரத்தை முத்துமீனா ஒருநாளும் நேரில் கண்டதில்லை. காளவாசல் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்திருந்த அதன் காயை ஒருமுறை வாங்கி வந்து வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பும் கசப்புமாக இருந்தது, துப்பிவிட்டாள். ஆனால் அந்த மரத்தின் மகரந்தத் துகளை அவளைப் போல் அறிந்தவர்கள் மதுரைச் சீமையில் வேறு யாரும் கிடையாது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டின் தெற்கே ஏதோ ஒரு மலைச்சரிவில் பூத்து, காற்றில் பறந்து, ஏரியில் விழுந்து, சேற்றோடு சேறாகப் புதைந்த துகள்கள். அந்த ஏரியின் அடிச்சேறு குழாய் குழாயாக விமானம் ஏறி மதுரைக்கு வந்தது. அதில் எந்தச் செடியின் துகள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் அவள் வேலை.

நகரத்துக்கு மேற்கே ஒரு கல்லூரி. அதன் தாவரவியல் துறையில், மாடி ஏறியதும் இடப்பக்கம் இருக்கும் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக அவள் ஒப்பந்த உதவியாளர். ஓர் ஆராய்ச்சித் திட்டம் முடிந்தால் அடுத்ததில் அவள் பெயரைச் சேர்ப்பார்கள். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

திருவாதவூர்ப் பக்கம், அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் காலம் தள்ளிய வீரணனுக்கும் தங்கப்பொண்ணுக்கும் அவள் ஒரே மகள். அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். வேலை கிடைத்த புதிதில் தாய் ஆசையாகக் கேட்டாள்.

“காலேசுல என்னத்தா வேல?”

“மண்ணைக் கழுவிச் சலிச்சு, அதுக்குள்ள என்ன கெடக்குன்னு பாக்கணும்மா.”

தங்கப்பொண்ணு, “சேத்துல கெடக்க வேணாம்னுதானடி உன்னயப் படிக்க வச்சோம்” என்றாள். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. சாகும்வரை அக்கம்பக்கத்தாரிடம், மகள் காலேஜில் டீச்சராக இருக்கிறாள் என்றே சொல்லி வந்தாள்.

சேற்றில் சுண்டுவிரல் நுனியளவு வெட்டி எடுத்து, அமிலத்தில் வேகவைத்து, கழுவி, சலித்து, மறுபடியும் கழுவ வேண்டும். மணலும் சுண்ணாம்பும் மட்கிய இலையும் கரைந்துபோகும். மகரந்தத்தின் தோல் மட்டும் எந்த அமிலத்துக்கும் அசையாமல் குழாயின் அடியில் தங்கும். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துகள்கள் தெரியும். பைன் மரத்துத் துகளுக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை. புல்லின் துகள் வழவழப்பான உருண்டை, ஒரே ஒரு துளை. ஆலிவுக்கு உடம்பு முழுக்க வலை பின்னியது போலிருக்கும். ஒரு சில்லுக்கு ஐந்நூறு துகள் எண்ண வேண்டும். இடது கையின் ஐந்து விரலும் எண்ணும் கருவியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருக்கும். வலது கை சில்லை நகர்த்தும்.

அந்த எண்ணிக்கையை வைத்து மற்றவர்கள் கதையைப் படித்துவிடுவார்கள். ஓக் மரத்துத் துகள் குறைந்து, ஆடுமாடு மேயும் தரையில் முளைக்கும் பூண்டுகளின் துகள் கூடினால், மனிதன் வந்து காட்டை அழித்திருக்கிறான். ஆலிவ் கூடினால் தோப்பு வைத்திருக்கிறான். எழுத்து பிறக்காத காலத்து மனிதன் நிலத்தை என்ன செய்தான் என்பதற்குச் சேறுதான் சாட்சி.

ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியை சுபலட்சுமி. ஆரம்பத்தில் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ச் சேற்றில் இதே ஆராய்ச்சியைச் செய்தவர். அதைப் பார்த்துத்தான் கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் கூட்டு முயற்சிக்கு வந்தார். அங்கே பொறுமையாக உட்கார்ந்து எண்ண ஆள் இல்லை. இங்கே முத்துமீனா இருந்தாள். அந்தச் சேற்றை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண் சத்யப்ரியா, கீழக்குயில்குடி விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். சேற்றின் வயதைக் கணிப்பது, வரைபடம் போடுவது, எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. முத்துமீனாவை அக்கா என்பாள். மத்தியானச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்து பாதிக் குழம்பை இவள் டப்பாவுக்குத் தள்ளாமல் சாப்பிட மாட்டாள்.

கிரேக்கச் சேறு வந்து இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், முத்துமீனா குளியலறையில் நின்று சுவரைப் பார்த்தாள். டைல்ஸ் ஒட்டிய கோடு நடுவில் நெளிந்திருந்தது. இடிந்து சாய்கிறதோ என்று கையால் தடவிப் பார்த்தாள். சுவர் நேராகத்தான் இருந்தது.

அவளுக்குச் சுகர் வந்து எட்டு வருஷம். மாத்திரை ஒருநாள் போடுவாள், இரண்டு நாள் விடுவாள். கோடு நெளிந்ததை வயசாகிவிட்டதென்று எடுத்துக்கொண்டு, காளவாசல் கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி மாற்றினாள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. தெளியவில்லை என்று அடிமனதுக்குத் தெரியும். ஆனால் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே எதையாவது சொல்லிவிட்டால், கண்ணை நம்பி இருக்கும் வேலை என்னாகும்? அந்த நினைப்பு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளினாள். அடுத்த மாதம் வந்ததும் மறுபடி தள்ளினாள்.

ஆடியில் தொடங்கி மாசிவரை கிரேக்க ஏரியின் சில்லுகளை எண்ணினாள். கல்லூரியில் படித்த காலத்தில் ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப்தான் இருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்துப் பழகிவிட்டாள். இரட்டைக்குழல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால் எண்ணியதெல்லாம் வலது கண்தான். நாலு மீட்டர் ஆழத்துச் சேற்றில் ஆலிவ் கூடத் தொடங்கியது. வலை தெரிந்தால் ஆலிவ். கட்டைவிரல் பொத்தானைத் தட்டுவாள்.

வரைபடத்தைப் போட்டுப் பார்த்த அன்று சத்யப்ரியா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா! அந்தப் பள்ளத்தாக்குல இதுவரைக்கும் எல்லாரும் சொன்னதுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே ஆலிவ் தோப்பு வச்சிருக்காங்கக்கா!”

சுபலட்சுமி மேடமும் வந்து வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். “மீனா, இம்புட்டு வருஷத்துல நீங்க எண்ணுனதுலயே இதுதான் பெருசு” என்றார். முன்பெல்லாம் பத்துச் சில்லுக்கு ஒன்றை அவரே மறுபடி எண்ணிச் சரிபார்ப்பார். துறைத் தலைவர் ஆனதிலிருந்து அதற்கு நேரமில்லை. தேவையும் இல்லை என்றாகிவிட்டது. முத்துமீனா எண்ணினால் எண்ணியதுதான்.

அந்த நாட்களில் முத்துமீனா வீட்டில் சமைக்கும்போதுகூட அந்த மனிதர்களை நினைத்துக்கொண்டாள். முதன்முதலில் குழி தோண்டி ஆலிவ் நட்டவன் ஒருவன் இருந்திருப்பானே. காய்க்கப் பல வருஷம் ஆகும் என்று தெரிந்தும் நட்டிருப்பானே. தன் அப்பா, தனக்கென்று ஒரு மரம் நட ஒரு முழம் நிலம் இல்லாமலே செத்துப்போனவர். முகம் தெரியாத அந்தக் கிரேக்கத்துக் குடியானவன்மேல் அவளுக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. கணவன் தமிழ்மாறனிடம் அவனைப் பற்றிச் சொல்வாள். காளவாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவன், “ஒன் சேக்காளி இன்னைக்கு எத்தன மரம் நட்டான்?” என்று கிண்டல் செய்வான்.

கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு வெளியிட்டது. ஐப்பசியில் சத்யப்ரியாவுக்கு வாய்மொழித் தேர்வு. அது முடிந்து பட்டம் கிடைத்ததும் தையில் கிரேக்கத்துக்கே போய் அந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய அழைப்பு வந்திருந்தது.

அந்த ஆவணியில்தான், ஒரு காலையில் தமிழ்மாறனின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கறை ஒன்றை முத்துமீனா பார்த்தாள். இடது கண்ணை மறைத்துப் பார்த்தாள், கறைதான். வலது கண்ணை மறைத்தாள், மூக்கு இருந்தது. அன்றே அவன் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையை டாக்டர் முன்னால் பிடித்தார். வலது கண்ணுக்குக் கோடுகள் நடுவில் குழைந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. சர்க்கரையால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கிறது என்றார். ஊசி போட்டு மேலும் கெடாமல் பார்க்கலாம். போன பார்வை பெரிதாகத் திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் மையம் இன்னும் தப்பித்திருக்கிறது.

மற்றவர்கள் குணமாகுமா என்று கேட்பார்கள். முத்துமீனா கேட்டது வேறு.

“எம்புட்டு நாளா சார் இப்படி இருந்திருக்கும்?”

“இந்த அளவுக்கு வரணும்னா ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும்மா. உங்களுக்குத் தெரியலையா?”

அவள் டைல்ஸ் கோடு நெளிந்த சித்திரையிலிருந்து மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கிரேக்கச் சில்லுகள் அத்தனையும் அதற்குள் வந்தன.

மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போனதும், நாலு மீட்டர் ஆழத்துச் சில்லு ஒன்றை எடுத்து வைத்தாள். பழக்கத்தில் மூடிய இடது கண்ணைத் திறந்து, வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸைத் திருப்பினாள்.

ஆலிவ் குடும்பத்திலேயே பில்லிரியா என்று ஒரு காட்டுப் புதர் உண்டு. துகளின் அளவும் வடிவும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கும் உடம்பெல்லாம் வலைதான். வலையின் பின்னலில் மட்டும் ஒரு நுணுக்கமான வித்தியாசம். நல்ல கண்ணுக்கு அது பட்டென்று பிடிபடும்; முன்பெல்லாம் எண்ணெய் லென்ஸ்கூட இல்லாமல் பிரித்துவிடுவாள். இப்போது இடது கண் அதைப் பார்த்தது. முதல் துகள் பில்லிரியா. இரண்டாவதும் அதேதான். மூன்றாவது ஆலிவ். அடுத்த நான்கும் புதர்.

எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பதினோரு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆறு சில்லுகளை மறுபடி எண்ணினாள். ஆலிவ் என்று அவள் தட்டியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆலிவே இல்லை. நடுவே கரித்தூள்களும் நிறையக் கிடந்தன. அவை முன்பும் கணக்கில் இருந்தவைதான், தோப்பின் பரபரப்பில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை மாறிப்போனது. பில்லிரியா, எரித்த அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் புதர். அந்தச் சரிவில் தோப்பு வைக்கவில்லை. காட்டைக் கொளுத்திவிட்டு ஆடு மேய்த்திருக்கிறார்கள், மிஞ்சியது புதரும், தானாக முளைத்த கொஞ்சம் காட்டு ஆலிவும். குழி தோண்டி நட்டவன் என்று யாரும் அங்கே இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்மாறன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாளியைக் கீழே வைத்தான்.

“சரி. இத யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. எங்கயோ கடலுக்கு அங்கிட்டு, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் மரம் நட்டா என்ன, நடாட்டி என்ன? யாரு வந்து மறுக்கா எண்ணிப் பாக்கப் போறா?”

“யாரும் பாக்க மாட்டாகங்க. நான் எண்ணுனா யாரும் பாக்க மாட்டாக.”

“அந்தப் புள்ள சத்யா? ஐப்பசில அதுக்குப் பரீட்சைங்குற. இப்பப் போயிச் சொன்னியன்னா அதோட பொழப்பு என்னாகும், யோசிச்சியா?”

அதைத்தான் அவள் பதினோரு நாளாக யோசித்திருந்தாள். சொல்லாமல் விட்டால் சத்யப்ரியா அந்த எண்ணிக்கையோடுதான் கிரேக்கத்துக்குப் போவாள். அங்கே என்றைக்காவது ஒருவர் அதே சில்லை எடுத்து நல்ல கண்ணோடு பார்ப்பார். அன்றைக்கு அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். சத்யப்ரியாவையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நோட்டில் ஒரு பக்கம் பழைய எண்ணிக்கை, எதிர்ப்பக்கம் புதியது. முதலில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தாள்.

சுபலட்சுமி இரண்டையும் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். சத்யப்ரியா நோட்டைப் புரட்டினாள். அவள் முகம் வெளுத்ததை இடது கண்ணால் முத்துமீனா பார்த்தாள்.

“எப்பலருந்துக்கா கண்ணு இப்படி?”

“போன வருஷம் சித்திரையில கோடு நெளிஞ்சுச்சு.”

“அப்ப எண்ண ஆரம்பிக்கும்போதே உங்களுக்குத் தெரியும்.”

“இம்புட்டு மோசம்னு தெரியாது சத்யா. சத்தியமா…”

“கண்ணு சரியில்லன்னு தெரியும்ல? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற யாரயாவது வச்சு எண்ணியிருப்போம். இல்ல நானே எண்ணியிருப்பேன்.” அவள் குரல் உயரவில்லை, அதுதான் கேட்கக் கொடுமையாக இருந்தது. “நாலு வருஷம்க்கா. எங்க வீட்ல கல்யாணத்தக்கூடத் தள்ளி வச்சிருக்காங்க.”

“வேலை போயிரும்னு பயந்துட்டேன்மா.”

“என்னோடது போச்சே” என்றாள் சத்யப்ரியா. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மேடம் திரும்பாமலே பேசினார். “பத்துல ஒன்னு நான் பாத்திருக்கணும் மீனா. அந்தத் தப்பு என்னோடது.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஆனா நீங்க சொல்லியிருக்கணும்” என்றார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் அவளிடம் கடிந்து சொன்னது அந்த ஒன்றுதான்.

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. கிரேக்கப் பேராசிரியருக்குக் கடிதம் போனது. வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். சில்லுகளைப் பெட்டியில் அடுக்கி அங்கேயே அனுப்பினார்கள். அவர்கள் வேறொருவரை வைத்து முதலிலிருந்து எண்ணினார்கள். சத்யப்ரியாவின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது. தையில் கிரேக்கம் போக வேண்டிய இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். அதன்பின் சத்யப்ரியா மத்தியானச் சாப்பாட்டை நூலகப் பக்கம் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். வழியில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பாள். அக்கா என்று கூப்பிடுவது நின்றுபோனது.

மாசியில் திட்டம் முடிந்தது. அடுத்ததில் முத்துமீனாவின் பெயர் இல்லை. அதில் யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஐந்நூறு துகள் எண்ணக் கண் இல்லாதவளை அந்த ஆய்வகத்தில் என்னவென்று வைத்துக்கொள்வார்கள்? கடைசி நாள் தன் டப்பாவையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது மேடம் கூடவே கீழே வரை வந்தார். கிரேக்கத்திலிருந்து முடிவு வந்துவிட்டதாகச் சொன்னார். அவள் இடது கண்ணால் எண்ணிய ஆறு சில்லும் அங்கே எண்ணியதோடு ஒத்துப்போகின்றனவாம்.

“எப்ப மேடம் வந்துச்சு?”

“ஒரு மாசம் இருக்கும். சொல்ல மறந்துட்டேன்.”

“பரவால்ல மேடம். வாரேன்” என்றாள் முத்துமீனா.

இப்போது அவள் காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக் குரலைக் கேட்டே சொல்லிவிடுவாள். வலது கண்ணில் ஆறு ஊசி போட்டாயிற்று. நடுப்பகுதி இருட்டு இருட்டுதான். இடது கண்ணிலும் மையம் மங்கத் தொடங்கிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கத் தெரிவதில்லை. மனிதர்களைப் பார்த்தால் தோளும் கூந்தலும் புடவைக் கரையும் தெரிகின்றன. முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம், வேலை முடிந்து சிக்னல் பக்கம் தமிழ்மாறனின் ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அவளுக்கு எதிரே நாலடி தள்ளி, பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் நின்று தன் பக்கமே திரும்பியிருப்பது போலிருந்தது. பஸ்ஸைப் பார்க்கிறாள்போல என்று நினைத்து முத்துமீனா சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை நகர்ந்து கூட்டத்தில் கலந்தது.

ஆட்டோ வந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் தமிழ்மாறன் திரும்பிப் பார்த்தான்.

“என்ன, சத்யாகிட்டப் பேசலயா?”

“எந்தச் சத்யா?”

“ஒன் காலேசுப் புள்ளதான். சிக்னல்ல நிக்கைல பாத்தேன். ஒன்னயப் பாத்துக்கிட்டே இம்புட்டு நேரம் நின்னுச்சு. கைகூடத் தூக்குச்சு. நீயும் அத நேராப் பாத்துக்கிட்டுக் கல்லு மாதிரி நின்ன. சண்டைதான் இன்னும் தீரலபோலன்னு நெனச்சேன்.”

முத்துமீனா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். “எந்தப் பக்கம் போச்சு?” அவன் கைகாட்டிய திசையில் வேகமாக நடந்தாள். பைக்குகளும் பூக்கடையும் பழவண்டியும் தெரிந்தன. வந்த முகமெல்லாம் நடுவில் அழிந்து வந்தன. பச்சைத் துணி உடுத்தியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தியின் அருகே போய், “சத்யா?” என்றாள். “யாருங்க?” என்றது அறியாத குரல்.

திரும்பி வந்து, சத்யப்ரியாவின் எண்ணுக்குப் போட்டுத் தரும்படி செல்போனைத் தமிழ்மாறனிடம் நீட்டினாள். அவன் போட்டு அவள் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றது. மறுபடி போட்டார்கள். அதுவும் முழுக்க அடித்து ஓய்ந்தது.

“பஸ்ல ஏறியிருக்கும். இந்தச் சத்தத்துல கேட்டிருக்காது” என்றான் அவன்.

“ஆமா” என்றாள் முத்துமீனா.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். தமிழ்மாறன் ஆட்டோவைக் கிளப்பினான்.